எட்டுக்கும் பத்துக்கும் நடுவில்

செந்தூர்க்கனிக்கு வளைகாப்பு நடந்த மறுநாள் காலையில் தேரிக்குளத்தில் ஒன்பது என்ற எண் இல்லாமல் போயிற்று. கோயில் வாசல் கடிகாரத்தின் சின்ன முள் எட்டிலிருந்து கிளம்பி நேராகப் பத்தில் போய் நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூச்சிரைக்க ஓடி வந்து, நேரம் கழித்து வந்ததற்காக வாசலில் நின்ற வாத்தியாரிடம் அடி வாங்கினார்கள். அடித்த வாத்தியாரும் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்திருந்தார். சந்தையில் தேங்காய் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு எட்டு என்று சொன்ன பிறகு கை அந்தரத்தில் நின்றது, வாய் திறந்தபடி இருந்தது, பிறகு பத்து என்றது. செல்போன்களில் அந்த எண் இருந்த இடம், பரீட்சையில் விடை தெரியாமல் விட்ட கோடு மாதிரி வெறுமையாக இருந்தது. யாரும் அலறவில்லை. மின்சாரம் போனால் விசிறியை எடுக்கிற மாதிரி, ஊர் இதற்கு என்ன செய்யலாம் என்று பார்க்க ஆரம்பித்தது.

ஊர் என்ன செய்தது என்று சொல்வதற்கு முன்னால் உலகம்மையைச் சொல்ல வேண்டும்.

உலகம்மை செந்தூர்க்கனியின் அக்கா. பிறந்தபோது வீட்டில் வேறு ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை அவள் விட்டுவிட்டாள், நானும் சொல்லப்போவதில்லை. பதினாறு வயதில், இடுப்புப் பெல்ட்டால் அடித்த அப்பாவையும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த தெருவையும் விட்டுவிட்டு மதுரைக்கு ரயிலேறினாள். அங்கே அவளைப் போன்றவர்களின் கூட்டத்தில் ஒரு தாய் அவளை மடியில் உட்கார வைத்து மகளாக ஏற்றுக்கொண்டாள். அவள் பக்கத்தில் இருந்து சோறூட்டிய தெம்பில்தான் உலகம்மை தன் உடம்பைத் தனக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்ளும் அறுவை சிகிச்சைக்குப் போனாள். அவர்கள் கூட்டத்தில் அதற்கு நிர்வாணம் என்று பெயர். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர், "எப்போ மாத்திக்கிட்டீங்க?" என்று கேட்டபோது, "மாத்தலை சார். தப்பா இருந்ததைச் சரி பண்ணிக்கிட்டேன்," என்றாள் அவள். அந்த டாக்டர் அதற்குப் பிறகு யாரிடமும் அப்படிக் கேட்கவில்லை என்று சொல்வார்கள். தேரிக்குளத்தில் அப்படி ஒரு டாக்டர் இல்லை.

அம்மா முன்னமே போய்ச் சேர்ந்திருந்தாள். அப்பா சாகிற வருஷம் ஒரு நாள் போன் பண்ணினார். "கடைச் சாவி செந்தூருகிட்ட இருக்கு. வந்தா வாங்கிக்க," என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் உலகம்மை ஊருக்குத் திரும்பி வந்தாள். அப்பாவின் பழைய சைக்கிள் கடையைத் திறந்து பஞ்சர் கடை ஆக்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, லாரி டயரைத் தனியாளாகக் கழற்றி, டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைக் கட்டைவிரலால் பொத்துவாள். வேலை சுத்தம். ஊர் முழுவதும் அவளிடம்தான் வந்தது. வந்துவிட்டு, டீக்கடையில் போய், "ஒன்பதுகிட்ட காத்தடிச்சிட்டு வாரேன்," என்று சொல்லிச் சிரித்தது.

ஏன் அந்த எண் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வேறு சொற்களும் அவர்களிடம் இருந்தன, எச்சில் மாதிரி வாயில் எப்போதும் ஊறிக்கொண்டிருந்தவை. ஆனால் பிள்ளைகள் முன்னால் சொல்லவும், கடை வாசலில் நின்று சொல்லவும், கேட்டால் "எண்ணைத்தானே சொன்னேன்" என்று தப்பிக்கவும் இந்த எண் வசதியாக இருந்தது. கடைக்கு ஒன்பதாம் நம்பர் கடை என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பையன்கள் தெருவில் அவளைக் கண்டால் ஒன்று இரண்டு என்று சத்தமாக எண்ண ஆரம்பித்து எட்டோடு நிறுத்திவிட்டு ஓடுவார்கள். திருநங்கை என்ற சொல்லை அவளைப் போன்றவர்கள் எத்தனையோ வாசல்களில் நின்று, எத்தனையோ பேரிடம் அடிபட்டு, அரசாங்கத்தின் வாயில் ஏற்றி வைத்திருந்தார்கள். தேரிக்குளத்தில் அதை ஊராட்சி மன்றத் தலைவர் ஞானதிரவியம் மட்டும், மைக் முன்னால் நிற்கும்போது மட்டும் சொன்னார்.

செந்தூர்க்கனி போனில் அவளை அக்கா என்பாள். வீட்டில் வேறு ஆட்கள் இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டாள்.

வளைகாப்புக்கு முந்தின நாளும் போனில்தான் கூப்பிட்டாள். "வா அக்கா. மண்டபத்துக்குப் பின்வாசல் வழியா வந்திரு. அடுப்படியில நான் வந்து பாக்கேன்."

உலகம்மை மதுரையிலிருந்து வரவழைத்த பச்சையும் சிவப்புமான கண்ணாடி வளையல்களை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு, அரக்கு நிறப் பட்டு உடுத்தி, முன்வாசல் வழியாகப் போனாள். கூடப்பிறந்தவளுக்கு வளையல் போடப் பின்வாசல் வழியாகப் போக அவளுக்கு மனம் வரவில்லை. அதைத் தவிர அன்றைக்கு அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை.

மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவன், "ஒன்பது மணிக்கு நல்ல நேரம்னாங்க, ஒன்பதே வந்தாச்சு," என்றான். மண்டபம் சிரித்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். செந்தூர்க்கனியின் புருஷன் பலவேசம், தன் மானத்தைக் காப்பாற்ற வேண்டியவன் போல எழுந்து வந்து, இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து அவள் கையைப் பிடித்துப் பந்திக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில் இழுத்துக்கொண்டு போனான். "ஆபரேசன் ஆயிட்டாமே. காட்டு, ஊரும் பாக்கட்டும்," என்று சொல்லிச் சேலையை உருவினான். வளையல்கள் விழுந்து காலடியில் நொறுங்கின. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன் அடுத்த இலைக்கு ஊற்றினான். மேடையில் நாற்காலியில், இரண்டு கையிலும் முழங்கைவரை வளையலோடு உட்கார்ந்திருந்த செந்தூர்க்கனி தலையைக் குனிந்துகொண்டாள்.

உலகம்மை சேலையை எடுத்தாள். அழவில்லை, ஓடவில்லை, மறைவு தேடவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் நின்று, கொசுவம் ஒவ்வொன்றாக மடித்து, செருகி, முந்தானையை இழுத்துத் தோளில் போட்டு, ஊக்கு குத்தி முடிக்கிறவரை அவள் அவசரப்படவே இல்லை. அவ்வளவு நேரமும் மண்டபத்தில் இலை கிழியும் சத்தம்கூட இல்லை.

"என் பேரு உலகம்மை. இத்தனை பேரு இருக்கிய, ஒருத்தருக்கும் வாயில வரலியா," என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே இருந்தவர் நாற்காலி காட்டவில்லை. "ஆம்பளைன்னு எழுதவா பொம்பளைன்னு எழுதவா, அதைச் சொல்லு முதல்ல," என்றார். பக்கத்தில் இருந்தவர் அந்த எண்ணைச் சொன்னார். இருவரும் சிரித்து முடிக்கிறவரை நின்றுவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் அந்த எண் ஊரில் இல்லை. மற்ற சொற்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன, அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆனால் ஒன்பது என்பது மாசங்களிலும் கோள்களிலும் பிள்ளைகளின் வயதிலும் கௌரவமாக வாழ்ந்து வந்த ஒன்று, அதற்கு இந்த ஊர் வாயில் கிடந்து நாற வேண்டிய தலையெழுத்து இல்லை. அது போய்விட்டது.

ஊர் அதைத் தாங்கிக்கொண்ட விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே வாரத்தில் கடைகளும் ஆபீஸ்களும் பத்து மணிக்குத் திறக்கப் பழகின. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேரை எட்டிலும் பாதிப் பேரைப் பத்திலும் உட்கார வைத்தார்கள். அந்த எண் கலந்த செல்போன் நம்பர்களுக்கு மணி அடிக்காததால் கூட்டம் கூட்டமாகப் போய் வேறு நம்பர் வாங்கினார்கள். சிவன் கோயில் நவக்கிரக மேடையில் ஒரு பீடம் காலியாக இருந்தது. எந்தக் கிரகம் இல்லை என்று யாருக்கும் நினைவு வரவில்லை. சனீஸ்வரன்தான் போயிருக்க வேண்டும் என்று குருக்கள் சொன்னதும் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டு, எட்டுப் பேரையே சுற்றி வந்து, எட்டுப் பேருக்கே விளக்குப் போட்டார்கள். வேலை தேடியோ கல்யாணத்துக்கோ வெளியூர் போனவர்களும் அந்த ஓட்டையைக் கூடவே கொண்டு போனார்கள். திருச்செந்தூரில் நின்றாலும் அவர்கள் கைக்கடிகாரம் எட்டிலிருந்து பத்துக்குத் தாவியது. அந்த வழியாகப் போகும் வெளியூர் பஸ் டிரைவர்கள் மட்டும், காலையில் தேரிக்குளத்தைத் தாண்டும்போது தெருவில் ஈ காக்கை இல்லை, ஊரே எங்கே போய்த் தொலைகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு கூட்டம் போட்டார்கள். காணாமல் போன எண்ணுக்குப் புதுப் பெயர் ஒன்று வைத்துவிட்டால் கணக்கு வழக்கு நடக்கும் என்று ஞானதிரவியம் சொன்னார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வந்தார், வணிகர் சங்கத்துக்காரர் வந்தார், கோயில் தர்மகர்த்தா வந்தார். எட்டின்மேல் என்றார் ஒருவர். அது எட்டுக்கு அடிமை மாதிரி ஒலிக்கிறது, அந்த எண்ணின் மனம் புண்படும் என்றார் இன்னொருவர். குறைபத்து என்றார்கள், குறை என்று எப்படிச் சொல்லலாம், தப்பு என்று தர்மகர்த்தா வருத்தப்பட்டார். சாயங்காலம் சாயங்காலமாகக் கூடி, காப்பி குடித்து, ஒரு எண்ணை மரியாதையாக எப்படிக் கூப்பிடுவது என்று அந்த ஊர் ஆம்பளைகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கூட்டம் நடந்த கட்டடத்துக்கு எதிரில்தான் பஞ்சர் கடை. அவளை எப்படிக் கூப்பிடலாம் என்று எதிரே போய்க் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் முன்பத்து என்று முடிவு பண்ணி, தமுக்கு அடிக்காத குறையாக ஊரெல்லாம் சொன்னார்கள். நான்கு நாள் நன்றாகத்தான் போயிற்று. ஐந்தாம் நாள் டீக்கடையில் ஒருவன், "முன்பத்துகிட்ட வண்டிய விட்டுட்டு வாரேன்," என்று சொல்லி, உலகம்மை கடையைப் பார்த்துக் கண்ணடித்தான். டீக்கடை சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது முன்பத்தும் ஊரில் இல்லை. இப்படி இன்னும் இரண்டு பெயர் வைத்தார்கள், அந்த இரண்டையும் அதே டீக்கடையில் அதே வாய்களால் கெடுத்துத் தொலைத்தார்கள். அதற்குப் பிறகு பெயர் வைப்பதை விட்டுவிட்டு, எட்டு என்று சொல்லி, கொஞ்சம் கனைத்து, பத்து என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

உலகம்மையிடம் அந்த எண் இருந்தது. வளைகாப்புக்கு மறுநாள் காலையிலேயே அவள் கவனித்துவிட்டாள். கடைச் சுவரில் அப்பா மாட்டிவிட்டுப் போன கடிகாரத்தில் ஒன்பது மணி ஆயிற்று. சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள், டீக்கடையில் நின்றவர்கள், கம்பிக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அந்த நொடியில் இல்லாமல் ஆனார்கள். டீ கிளாஸ்கள் இருந்தன, ஆவி வந்தது. ஆள் இல்லை. கடிகாரம் ஒரு மணி நேரம் சுற்றி வந்து பத்தைத் தொட்டதும் எல்லோரும் விட்ட இடத்திலிருந்து நடந்தார்கள், விட்ட சொல்லிலிருந்து பேசினார்கள். அதுவே இரவிலும்.

முதல் நாள் அவளுக்குப் பயமாக இருந்தது. இரண்டாம் நாள் கடைவாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருந்தாள். அந்த நேரத்தில் நடுரோட்டில் நடக்கலாம். தண்ணீர்க் குழாயில் முதல் ஆளாக நிற்கலாம். கோயில் தெருவில் முந்தானையை இழுத்து இழுத்து மூடாமல், யார் எங்கிருந்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று முதுகைக் காதாக்கிக்கொள்ளாமல், கையை வீசிப் போகலாம். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தவளுக்கு, தெரு என்றால் இப்படித்தான் இருக்கும், மற்றவர்கள் எல்லோரும் தினமும் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம் வந்தது. இவ்வளவு எளிதான ஒன்றையா இத்தனை வருஷம் தரமாட்டேன் என்றார்கள்.

ஒரு நாள் அந்தக் காலித் தெருவில் எதிரே ஒரு ஆள் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ரெஜினா, கையில் டிபன் பாத்திரத்தோடு.

"உங்களுக்கும் இருக்கா?" என்றாள் உலகம்மை.

"எனக்கு எப்பவும் போலத்தான் இருக்கு. வேலைக்குப் போறேன், ஒரு நோயாளி இல்ல, டாக்டர் இல்ல, பத்து மணிக்கு எல்லாம் குதிச்சு வந்து நிக்காங்க. நான்தான் பைத்தியம் பிடிச்சு அலையுதேனோன்னு நினைச்சேன் உலகம்மை," என்றாள் ரெஜினா.

பெயரைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஊசி போட்டுக்கொள்ள முதல் தடவை வந்த நாளிலிருந்து ரெஜினா அவளை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டு வந்தாள். யார் இருந்தாலும், வரிசையில் எத்தனை பேர் நின்று சிரித்தாலும், "உலகம்மை, உள்ள வாங்க," என்றுதான் சொல்வாள். அவளிடமிருந்து எண் போகவே இல்லை.

இருவரும் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து ரெஜினாவின் இட்லியைத் தின்றார்கள். ரெஜினா சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னாள். ஊரில் மாசமாக இருக்கிற பெண்கள் எட்டு மாசத்தைத் தாண்டவில்லை. வயிறு அப்படியே நிற்கிறது. பிள்ளை புரளுகிறது, ஆனால் இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், குழந்தை இன்னும் பழுக்கவில்லை, காத்திருங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். கால் வீங்கி, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல், உட்கார முடியாமல் கிடக்கிறார்கள்.

"செந்தூரு?" என்றாள் உலகம்மை.

"அவளுக்குத்தான் ரொம்ப மோசம்."

உலகம்மை கையைக் கழுவினாள்.

அடுத்த வாரம் செந்தூர்க்கனி வந்தாள். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, காலை எட்டரை மணிக்கு, சந்தைக்குப் போகிற கூட்டம் நிறைந்த சாலையில் நடந்து வந்து பஞ்சர் கடை முன்னால் நின்றாள். கூட வந்த மாமியார் சாலைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். உலகம்மை குனிந்து டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நர்ஸம்மா சொன்னாங்க," என்றாள் செந்தூர்க்கனி.

"என்ன சொன்னாங்க?"

"உன் பேரைச் சொல்லணும்னு."

"பின்ன சொல்லிட்டுப் போ. எதுக்கு என் மூஞ்சிய வந்து பாக்க? பேரு வேணும்னா வீட்டுல இருந்தே சொல்லலாமே. பின்வாசல்ல இருந்து."

செந்தூர்க்கனி நின்றுகொண்டே இருந்தாள். வியர்வை கழுத்தில் வழிந்தது. டீக்கடையில் பேச்சு நின்று போயிருந்தது.

"வீட்டுல இருந்து சொல்லிப் பாத்தேன். வரல," என்றாள். "நான் தலையைக் குனிஞ்சிட்டு இருந்தேன்லா. சேலையை உருவுறப்ப. நான் எந்திரிச்சு வந்திருக்கலாம். ஒரு சத்தம் போட்டிருந்தாக்கூட விட்டிருப்பாங்க. எனக்கு என் வாழ்க்கை பெருசாப் போச்சு. உன் பேரைச் சொன்னா என்னையும் உன்கூடச் சேத்துருவாங்கன்னு பயந்தேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு."

"பிள்ளைக்காகத்தானே வந்திருக்க."

"பிள்ளைக்காகத்தான் வந்தேன். பொய் சொல்லல."

உலகம்மை டியூபைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள், வீங்கிய பாதத்தைப் பார்த்தாள். அவளுக்கு அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, பிடித்து உட்கார வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நின்றாள்.

செந்தூர்க்கனி திரும்பினாள். சாலையைப் பார்த்து, டீக்கடையைப் பார்த்து, அந்தப் பக்கம் நின்ற மாமியாரைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "இது எங்க அக்கா. உலகம்மை. எனக்கு மூத்தவ. என் கூடப்பிறந்தவ." சொல்லச் சொல்லக் குரல் உடைந்து அழுகையாயிற்று, ஆனால் நிறுத்தவில்லை. "எங்க அக்கா. எங்க அக்கா உலகம்மை."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது மணி ஆயிற்று. டீக்கடை காலியானது, மாமியார் காலியானாள், சாலை காலியானது. செந்தூர்க்கனி மட்டும் அங்கேயே நின்றாள். ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் காற்றடிக்கும் குழாயையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, வலிக்கு," என்றாள்.

பழைய டயர்களின் மேல் விரித்த தார்ப்பாயில், ரெஜினா ஓடி வந்து பார்க்க, உலகம்மையின் தோளில் பல்லைப் பதித்துக்கொண்டு, செந்தூர்க்கனி ஒரு பெண் பிள்ளையைப் பெற்றாள். தோளில் பல் பட்ட இடத்தில் ரத்தம் வந்தது. உலகம்மை நகரவில்லை.

அதற்குப் பிறகு மற்ற பெண்கள் வந்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு வந்தார்கள், பிள்ளை பெறப்போகும் மகளோடு வந்தார்கள். வாயால் மட்டும் சொல்லிப் பார்த்தவர்களுக்கு முள் நகரவில்லை. சிலர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள், போய் ஒரு இரவு வலியில் கிடந்துவிட்டு மறுபடி வந்தார்கள். அன்றைக்கு மண்டபத்தில் பந்தியில் இருந்தவர்கள், நான் பாயசத்தைக் குடித்தேன், நான் சிரித்தேன், நான் திரும்பிக்கொண்டேன் என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். உலகம்மை யாரையும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "சரி, உள்ள வா," என்று மட்டும் சொன்னாள். அந்த வருஷம் தேரிக்குளத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லோர் மேலும் ரப்பர் பசையின் வாசம் அடித்தது.

ஆண்களுக்கு விஷயம் மெதுவாகத்தான் எட்டியது. பிள்ளைகள் பிறந்துவிட்டன, ஆனால் பிறந்த நேரம் என்ன என்று அவர்களுக்குக் கேட்கவில்லை; மனைவி சொல்லும்போது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஜாதகம் எழுத முடியவில்லை. அப்போதுதான் ஞானதிரவியம் பாராட்டு விழா வைத்தார். அதே மண்டபம். பேனரில் அவளுடைய படம். மாலை, சால்வை, பித்தளைக் குத்துவிளக்கு. மைக்கைப் பிடித்து, "நமது ஊரின் பெருமை, நமது அன்புச் சகோதரி, திருநங்கை..." என்று சொல்லி, அந்தச் சொல்லைச் சொல்லும்போது உதட்டோரம் ஏறிய சிரிப்பை அவர் துண்டால் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் ஒருவன் தொடையைக் கிள்ளிக்கொண்டு சிரிப்பை அடக்கினான்.

உலகம்மை எழுந்து வந்து மைக்கை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அந்தச் சொல்லைக் கீழ வைங்க. அதையும் கெடுத்துராதிய," என்றாள். "எங்க ஆளுக செத்து வாங்கின சொல்லு அது. உங்க வாயில ஒரு எண்ணைக் குடுத்தாங்க, அதைக் காப்பாத்தத் தெரியல. புதுசா மூணு பேரு வச்சிய, மூணையும் நாறடிச்சிய. எந்தச் சொல்லைக் குடுத்தாலும் ஒரே மாதிரி ஆக்குற வாய்க்கு நான் எதைத் தாறது?"

அவள் கைகழுவும் தொட்டிப் பக்கம் கையை நீட்டினாள்.

"பலவேசம், இந்தா இங்கதான், இந்தக் கைகழுவுற தொட்டிக்கு முன்னால வச்சுத்தான் என் சேலையை உருவின. நாலாவது வரிசையில இருக்கிய அண்ணாச்சி, நீங்கதான் மைக்குல சொன்னது. பேரைச் சொல்லவா, நீங்களே எந்திரிக்கியளா? ஏட்டையா, நீங்க ஸ்டேஷன்ல சிரிச்சிய. தலைவரே, நீங்க அன்னைக்குப் பந்தியில மூணாவது ஆளு, அப்பளம் கேட்டிய. எனக்கு எல்லா மூஞ்சியும் தெரியும். எங்க வச்சுச் செஞ்சியளோ அங்க வந்து, செஞ்சதைச் சொல்லி, என் பேரைச் சொல்லுங்க. எண்ணு என் கையில இல்ல. அது தானாப் போச்சு, தானா வரும். வாங்க. நான் நிக்கேன்."

அவள் நின்றாள். மின்விசிறி சுற்றியது. யாரோ இருமினார்கள். பலவேசம் செல்போனை எடுத்துப் பார்த்தான். நாலாவது வரிசையில் இருந்தவர் வெற்றிலை துப்ப எழுந்து போனவர் திரும்பவில்லை. ஒருவரும் மேடைக்கு வரவில்லை. ஒருவரும்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மைக்கை நாற்காலி மேல் வைத்துவிட்டு, சால்வையைத் தொடாமல், முன்வாசல் வழியாக இறங்கிப் போனாள்.

இப்போதும் தேரிக்குளத்தில் ஆண்களில் அநேகம் பேருக்கு ஒன்பது இல்லை. அது இல்லாமலே கல்யாணம் பண்ணுகிறார்கள், வீடு கட்டுகிறார்கள், தேர்தலில் நிற்கிறார்கள். ஒரு எண் இல்லாமல் சாகும்வரை வாழ்ந்துவிடுவார்கள்; ஒரு பெயரைச் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த ஊர்ப் பெண்களுக்குக் காலையில் ஒரு மணி நேரமும் இரவில் ஒரு மணி நேரமும் புருஷன் இல்லாத, மாமனார் இல்லாத, தெருமுனையில் நின்று பார்க்கிறவன் இல்லாத நேரமாக ஆயிற்று. அந்த நேரத்தில் சிலர் தூங்கினார்கள், சிலர் சைக்கிள் ஓட்டப் படித்தார்கள், சிலர் குளத்தங்கரையில் உட்கார்ந்து வெறுமனே தண்ணீரைப் பார்த்தார்கள். அந்த எண் ஆண்களுக்குத் திரும்பி வர வேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நாளடைவில் வேண்டுவதை நிறுத்தினார்கள்.

செந்தூர்க்கனியின் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், ஒரு காலையில் பலவேசம் பஞ்சர் கடைக்கு வந்தான். வண்டி எடுத்து வரவில்லை. தலையில் நரை விழுந்திருந்தது.

"எம் பொண்டாட்டியும் பிள்ளையும் தெனம் ஒரு நேரம் எங்கயோ போறாங்க," என்றான். "பேசிட்டே இருப்பா, திடீர்னு வேற சேலையில நிப்பா. தலை ஈரமா இருக்கும். பிள்ளை ஏதோ வெளையாட்டைச் சொல்லிச் சிரிக்கும், எனக்கு ஒண்ணும் விளங்கல. கேட்டா அவ சொல்லுதா, எனக்குக் காது கேக்கல. அஞ்சு வருசமா எம் பிள்ளை வயசுல பாதி எனக்குத் தெரியாமப் போச்சு."

"நான் என்ன செய்ய?" என்றாள் உலகம்மை.

"எம் பொண்டாட்டிக்கு அக்கான்னு நான் உங்களை மைனின்னு கூப்பிடுதேன். போதுமா?"

"எனக்குப் போதுமான்னு கேக்கியா?"

"பின்ன என்னதான் வேணும் உங்களுக்கு? ஊரு முன்னால நின்னு என்னைக் கேவலப்படச் சொல்லுதியளா?"

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவனை நன்றாகப் பார்த்தாள். "ஊரு முன்னால நிக்கிறது கேவலம்னு உனக்குத் தெரியுது. அப்ப அன்னைக்கும் தெரிஞ்சிருக்கு."

பலவேசத்தின் முகம் மாறியது. கோபமா, வெட்கமா, வேறெதுவுமா என்று சொல்ல முடியாது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரத்தில் மணி ஒன்பதாயிற்று, அவன் நின்ற இடம் காலியானது.

உலகம்மை மிச்சமிருந்த வேலையை முடித்தாள். கம்ப்ரஸரை நிறுத்தினாள், முகம் கழுவினாள். செந்தூர்க்கனியும் பிள்ளையும் தெருமுனையில் நின்று கூப்பிட்டார்கள். குளத்தில் தண்ணீர் வந்திருக்கிறதாம். ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு அவள் அவர்களோடு போனாள். பத்து மணிக்குப் பலவேசம் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தபோது, எதிரே பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.